அழாமல் கையெழுத்துப் போட வேண்டும்

2024 மார்ச் 1ஆம் தேதி காலையில் என் மகளின் சதுரங்க ரேட்டிங் 1180இலிருந்து 1508க்கு ஏறியது. அப்போது அவள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, போட்டி முடிவுகளை வைத்து ஒருவரின் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கின் கீழ் எல்லையை அன்றிலிருந்து 1000த்தை விட்டு 1400க்கு உயர்த்தியது. அதற்காக 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய எண்ணையும் ஒரே சூத்திரத்தால் தூக்கிவிட்டது. 2000த்தை எட்ட ஒருவருக்கு எத்தனை புள்ளி குறைகிறதோ, அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு 820 குறைந்தது. அதில் 40 சதவீதம் 328. ஆக 1508.

அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று எங்கள் வீட்டு பீரோ கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். நடுவில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 1500 என்று பெரிதாக எழுதி, கீழே 12 கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் 27 என்று குறித்திருந்தேன். மாதம் 27 புள்ளி ஏறினால் டிசம்பரில் 1500ஐத் தாண்டிவிடலாம் என்பது என் கணக்கு. பெரிய இலக்கைச் சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும், கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும், கெடு வேண்டும், பரிசு வேண்டும் என்று கேள்விப்பட்டதையெல்லாம் அந்த ஒரு தாளில் செய்திருந்தேன். பரிசு, ஒரு சைக்கிள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இலக்கு வைத்து முன்னேறக் கற்றுக்கொடுக்கிறேன் என்று மனதார நம்பினேன். அந்தச் சார்ட்டில் அவள் கையால் எழுதியது ஓர் எழுத்துகூட இல்லை என்பது மார்ச் மாதம்வரை என் கண்ணில் படவே இல்லை.

எழுந்து வந்தவளிடம் கைப்பேசியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் ஒன்றும் செய்யவில்லையே அம்மா?" என்று கேட்டாள். பிறகு, சந்தேகத்தோடு, "சைக்கிள் உண்டுதானே?" என்றாள்.

சைக்கிளை வாங்கிக் கொடுத்தேன். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஆனால் அவள் கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஓர் ஆண்டுக்கான இலக்கு என்று நான் வைத்தது, அவள் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல், ஒரு நாள் காலையில் நிறைவேறியிருந்தது. அப்படியானால் அது யாருடைய இலக்கு? அவள் அதில் எங்கே இருந்தாள்?

அவள் விளையாட வந்தது 2022இல். மாமல்லபுரத்தில் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் சதுரங்கப் பேச்சுதான். சென்னை நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வர்ணம் அடித்த படத்தைப் பார்த்துவிட்டு, திருச்சியில் எங்கள் மாடிப்படிகளிலும் அப்படி அடிக்கலாமா என்று கேட்டவள் அவள். மற்ற காய்களெல்லாம் நேராகவோ குறுக்காகவோ போக, குதிரை மட்டும் தாவிப் போவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். தோற்றால் "இன்னொரு ஆட்டம்" என்பாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த இலக்கு. அந்தப் பிள்ளையை ரேட்டிங் போட்டிகளுக்கு அழைத்துப் போய், பீரோவில் சார்ட் ஒட்டி, மாதப் பிறப்பன்று பட்டியல் பார்க்கப் பழக்கியது நான்.

கோடை விடுமுறையில் மூன்று போட்டிகளில் ஆடினாள். அவளுடைய எண் ஏறியதுபோலவே எதிரே உட்கார்ந்தவர்களின் எண்ணும் ஏறியிருந்தது. சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு வேகமாக ஓடும். சமமான எண் கொண்டவரிடம் வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஜூன் 1ஆம் தேதிப் பட்டியலில் அவள் எண் 1431. புதிய விதிப்படி 1400க்குக் கீழே போனால் பெயருக்கு நேரே எண்ணே இருக்காது, ரேட்டிங் இல்லாதவர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவாள். அதை அவளுக்குச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். சொன்னேன்.

அடுத்த போட்டி கரூரில். காலையில் பேருந்து நிலையத்திலேயே வாந்தி எடுத்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, "இன்றைக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும் கண்ணு" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

குழந்தைகளைச் சதுரங்கப் போட்டிக்கு அழைத்துப் போகிறவர்களுக்குத் தெரியும். சுற்று தொடங்கியதும் பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவார்கள். புளியோதரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக மண்டபப் படிகளில் உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் திரும்பும். வெளியே வருகிற குழந்தையின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வோம். நாம் அப்படிப் பார்க்கிறோம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

அன்று ஜன்னல் கம்பி வழியாக அவளைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்திருந்தது. முடிந்ததும் இருவரும், நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் ஸ்கோர் ஷீட் இரண்டிலும் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எதிரே இருந்த பையன் போட்டுவிட்டுக் காத்திருந்தான். இவள் பேனாவைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தன் கைக்குட்டையை எடுப்பதும் வைப்பதுமாக நின்றான். நடுவர் வந்து குனிந்து ஏதோ சொன்னார். அதன் பிறகுதான் போட்டாள். அந்த ஸ்கோர் ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மை கரைந்து அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது.

அதற்கு முன்பே ஒருமுறை, சாப்பிடும்போது, "உனக்கு உண்மையாகவே என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தேன். "உனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும்மா, அதைச் செய்கிறேன்" என்றாள். அன்றைக்கு அதை நல்ல பிள்ளையின் பதிலாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நம் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு கேட்டால் குழந்தை நம் முகத்தில்தான் விடையைத் தேடும்.

கரூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வெளியே இருட்டிவிட்டது. குளித்தலை தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அடுத்த தடவை அழாமல் கையெழுத்துப் போட வேண்டும்."

எனக்கு உடனே வாயில் வந்தது, "ஜெயித்தால் அழவே வேண்டியதில்லையே" என்பதுதான். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். களைப்பாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை விழுங்கியதுதான் அந்த ஆண்டு முழுவதிலும் அவளுக்காக நான் செய்த நல்ல காரியம். "சரி, அதற்கு என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். அவளும் யோசிக்கத் தொடங்கினாள்.

பெரியவர்கள் காதில் அது இலக்காகவே விழாது. எண் இல்லை, பதக்கம் இல்லை, யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாது. ஆனால் பாருங்கள், ரேட்டிங் என்பது எதிரே யார் அமைகிறார், அவர் அன்று எப்படி ஆடுகிறார், எங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் சூத்திரத்தை எப்போது மாற்றுகிறார்கள் என்று பலரிடம் மாட்டிக்கொண்டிருக்கும் சமாச்சாரம். அழாமல் கையெழுத்துப் போடுவது முழுக்க அவள் கைக்குள் இருப்பது. தோற்றாலும் அதில் ஜெயிக்கலாம். சொல்லப்போனால் தோற்றால்தான் அதில் ஜெயிக்கவே முடியும். தோல்வியைக் கண்டு வாந்தி எடுத்த பிள்ளை, தோல்வியில் செய்வதற்கு ஒரு வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள்.

திருச்சி வந்து சேர்வதற்குள் வரிசை தயாராகிவிட்டது. தோற்றதும் கை கொடுக்க வேண்டும். காய்களை எல்லாம் பழையபடி தொடக்க நிலையில் அடுக்க வேண்டும், தன் காய்களை மட்டுமல்ல, முடிந்தால் எதிராளியின் சிப்பாய்களையும். யானையில் தொடங்கி ராணியில் முடிக்க வேண்டும். பிறகு கையெழுத்து. பிறகு வெளியே வந்து, என்னிடம் வருவதற்கு முன்னால், தண்ணீர் குடிக்க வேண்டும். காய் அடுக்குவதை ஏன் கையெழுத்துக்கு முன்னால் வைத்தாய் என்று கேட்டேன். "அடுக்கும்போது எண்ண வேண்டும். எண்ணும்போது அழ முடியாது" என்றாள். "இப்படி நேர்ந்தால், நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் சமயத்தில் அது கைகொடுக்கும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நான் அதைப் பின்னால்தான் படித்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பஸ் ஜன்னலில் கிடைத்தது.

அவளே ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக்கொண்டாள். செய்து முடித்தால் முழு வட்டம், முடியாவிட்டால் வெறும் கோடு. திண்டுக்கல் போட்டியில் முதல் தோல்விக்கு எதிரே ஒரு அரை வட்டம் இருந்தது. அது என்ன என்றேன். "அழுதேன். ஆனால் கையெழுத்துக்கு அப்புறம்" என்றாள். என்னிடம் அளவுகோலைக் கொடுத்திருந்தால் அந்த அரை வட்டத்தை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். முன்னேற்றத்தை அளக்கிற உரிமையும் குழந்தையிடமே இருந்தால், நம் கண்ணுக்குத் தெரியாத நகர்வும் அதன் கண்ணுக்குத் தெரியும். நோட்டை அவளாகக் காட்டினால் மட்டும் பார்ப்பது என்று எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதை இரண்டு முறை மீறினேன், இரண்டு முறையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து வந்த சில வாரங்களுக்கு நோட்டில் ஒன்றுமே எழுதவில்லை. வேவு பார்க்கிற இடத்தில் பிள்ளைகள் உண்மையை எழுத மாட்டார்கள்.

வாந்தி நின்றது. ஆகஸ்ட் மாதம் நான்கு முழு வட்டங்கள். நான்கு தோல்விகள் என்று படித்தால் வருத்தப்பட வேண்டும். நாங்கள் அப்படிப் படிப்பதை விட்டிருந்தோம்.

இரண்டாவது இலக்கு அங்கிருந்துதான் முளைத்தது. தோல்வியைத் தொட்டுப் பார்க்கப் பயம் போனதும், தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டைத் திறக்க முடிந்தது. "தோற்றதை மட்டும் கொண்டுவாருங்கள் மேடம்" என்றார் பயிற்சியாளர். 14 ஆட்டங்கள் இருந்தன. ஓரத்தில் கடிகார நேரத்தைக் குறிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார். இந்தப் போட்டிகளில் ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். 14இல் 9 ஆட்டங்களில் அவள் தோற்று எழுந்தபோது கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. "சார், நான் யோசிக்கவே இல்லை சார்" என்று அவளே சொன்னாள்.

20ஆவது நகர்த்தலின்போது 70 நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்று நோட்டில் எழுதினாள். காயைத் தொட்டுவிட்டால் நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி, அதனால் யோசிக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். உட்கார்ந்து உட்கார்ந்து விரல்களில் நாற்காலிப் பின்னலின் தடம் பதிந்திருக்கும்.

இது ஒழுங்காகப் போனதாக எண்ணிவிட வேண்டாம். தஞ்சாவூரில் ஒரு ஆட்டத்தில் அவளுக்கு ஒரு யானை கூடுதல், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் செலவழித்துக்கொண்டே போய், கடைசியில் நேரம் தீர்ந்து தோற்றாள். என்னிடம் விட்டிருந்தால் அந்த இலக்கையே கைவிடச் சொல்லியிருப்பேன். அவள் மறுநாள் 70 என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில், "40ஆவது நகர்த்தலில் 20க்குக் குறையக் கூடாது" என்று இன்னொரு வரியைச் சேர்த்தாள். இலக்கு தவறாகப் போனால் திருத்திக்கொள்ளலாம் என்பதை என் சார்ட் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அதில் அடித்துத் திருத்த இடமே விடவில்லை நான்.

சைக்கிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது வந்த பிறகு சில மாதங்களுக்கு ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் "இதற்கு என்ன?" என்று கேட்டாள். பேராசைக்காரியாகிவிட்டாள் என்று கணவர் கோபித்துக்கொண்டார். அவள் மீது தவறில்லை. விளையாட்டுக்கு விலை உண்டு என்று கற்பித்தவள் நான். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக விளையாடும் நேரத்தில், மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த சான்றிதழ் அந்த ஆசையைக் குறைக்கவில்லை. அதிலிருந்து நானும் முன்கூட்டி எதுவும் சொல்வதில்லை. போட்டி முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், வரும் வழியில் ஒரு ரோஸ்மில்க். அவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பிலும் இதைச் செய்துபார்த்தோம். கணக்கில் 90 வாங்க வேண்டும் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு கழித்தலையும் முடித்ததும் கூட்டிச் சரிபார்ப்பது என்று அவளாக எடுத்துக்கொண்டாள். சில நாள் செய்கிறாள், சில நாள் இல்லை.

ஏழு வயதுச் சின்னவன் அக்காவைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு நோட்டு கேட்டான். நிற்காமல் 100 ஸ்கிப்பிங் என்று எழுதினான். இரண்டு வாரத்தில் 38 வரை போய், சலித்துவிட்டது என்று விட்டுவிட்டான். விடட்டும் என்று விட்டேன். எடுத்ததையெல்லாம் முடித்தே தீர வேண்டும் என்று ஏழு வயதில் கட்டாயப்படுத்தினால், அடுத்ததை எடுக்கவே பயப்படுவான். அக்காவிடம் ஒரு மாதம் கழித்து அந்த 38ஐப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 12 மாலை, சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். வெளியே மழை. நடப்புச் சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். சற்று நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை. 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். அடுத்த நிமிடத்திலிருந்து உறவினர்களின் செய்திகள் வரத் தொடங்கின. பதினொரு வயதிலேயே உலகச் சாம்பியன் ஆவேன் என்று அவர் சொன்ன காணொளியை அனுப்பி, "நம் பாப்பாவுக்கும் இப்படி ஒரு இலக்கு வை" என்றார் ஒரு சித்தப்பா. அன்போடுதான் சொன்னார்.

நான் அவளிடம் வேறொன்றைச் சொன்னேன். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். உலகிலேயே மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்று கர்யாக்கின் என்ற வீரர் வைத்திருந்த சாதனை அப்போது 12 ஆண்டு 7 மாதம். 17 நாளில் தவறவிட்டார். அவள் சட்டென்று கேட்டாள், "பதினேழு நாளுக்காக அழுதிருப்பாரா அம்மா?"

தெரியவில்லை என்றேன். அப்போது தொலைக்காட்சியில் மறுபடியும் அந்தக் காட்சியைக் காட்டினார்கள். எதிராளி எழுந்து போய்விட்டார். குகேஷ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார், அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்க நிலையில் அடுக்குகிறார். என் மகள் திரைக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டாள்.

"அடுக்குகிறார் அம்மா" என்றாள். "அழுதுகொண்டே அடுக்குகிறார்."

அன்றிரவு நோட்டில் பழைய அரை வட்டங்களுக்குப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆண்டு முடிவில் அவள் ரேட்டிங் 1467. தூக்கத்தில் கிடைத்த 1508ஐ விழித்திருந்து அவள் இன்னும் எட்டவில்லை. ஜனவரி 1 அன்று நான் புதிய சார்ட் எதுவும் வாங்கவில்லை. பழையதைக் கழற்றிப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். மத்தியானம் வரை ஸ்கேலும் பென்சிலுமாகத் தரையில் படுத்துக் கிடந்து, தம்பிக்காக அதில் 64 கட்டங்கள் வரைந்தாள். கறுப்புக் கட்டங்களுக்கு வர்ணம் தீட்டும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, காய்ப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.